மீசையும் தபால் ஓட்டும்

மலாயாவின் போர்டிக்சன் சாலைத் தோட்டங்களில் மீசை என்றால் அது வீரமுத்து மீசைதான். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த மனிதர், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்ததும் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகித் துப்பாக்கியோடு முள்வேலிக்குக் காவல் நின்றார். மீசையும் உத்தியோகத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

ஐம்பத்தைந்தில் முதல் பொதுத் தேர்தல் வந்தது. அன்று காவலை விட்டு நகர முடியாது என்பதால் அவருக்கு ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தது. கூடவே நிரப்பி அனுப்ப ஒரு பாரம். அடையாள அட்டையைப் பார்த்து, ஆள் இவர்தான் என்று தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கிராணி அமிர்தலிங்கம் தோட்டத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அட்டையில் இருந்ததோ மீசையில்லாத மொட்டைத் தலை.

“யாரு இது?” என்றார் கிராணி.

“நாந்தாங்க. மக காய்ச்சல்ல பொழைச்சதுக்கு மாரியம்மனுக்கு முடி எறக்குனேன். மூணாம் நாளே போட்டோ புடிக்க வந்துட்டாங்க.”

“அடுத்தவன் கார்டோட காட்டுக்காரன் அலையிற காலம். கையெழுத்துப் போட்டுட்டு நான் கம்பி எண்ணவா? முடியாதுலா, போ.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் வீரமுத்துவுக்கு ஆத்திரம். சாயங்கால லாரியில் தபால் போகாவிட்டால் ஓட்டு போனதுதான். நேராக நாவிதர் மாயாண்டியிடம் போய்க் குந்தினார்.

“எல்லாத்தையும் எடு. மீசையையும்தான்.”

மாயாண்டி பதறிப்போனார். “ஐயோ, யாரு செத்தா?”

“ஒருத்தரும் சாகலைலா. எடு!”

அதற்குள் தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. அலறியடித்து ஓடிவந்த மனைவி தாயம்மா, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

ஆபீசில் கிராணி அட்டையை அந்த முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதே காது, அதே நெற்றித் தழும்பு. கையெழுத்துப் போட்டார். பிறகு மனசு கேட்கவில்லை.

“ஒரு ஓட்டுக்காகவா மீசைய எடுத்தே?”

“மீச மொளைச்சிடுங்க. பொறந்ததுலேர்ந்து எங்கிட்ட எல்லாரும் செய்யின்னுதான் சொல்லியிருக்காங்க. ஒனக்கு யாரு வேணும்னு இப்பத்தாங்க கேட்டிருக்காங்க.”

ஆபீசில் கூலிக்காரர்கள் நின்றுதான் பேசுவார்கள். கிராணி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். ஓட்டுச்சீட்டைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உக்காந்து போடுங்க,” என்றார்.