அரசாங்கம் கொடுத்த கொட்டகை

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் வெள்ளைக்காரர்களின் ரப்பர் தோட்டங்கள் பலவும் கைமாறின. குருபோங் பக்கம் ஒரு தோட்டத்தில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கு அதில் வேலை போயிற்று. அம்மா இருந்த காஜா பெராங்குக்கே குடிவந்துவிட்டோம். வேலை இழந்தவர்கள் சிறுதொழில் தொடங்க மாநில அரசு அப்போது உதவி செய்தது. சும்மா கிடந்த அரசாங்கக் கொட்டகைகளைக் குறைந்த வாடகைக்கு விட்டது. இயந்திரத்தைத் தவணையில் கொடுத்தது. மிளகாய், மல்லி அரைக்க ஒரு மில் வைக்கலாம் என்று கணவரும் கேட்டிருந்தார்.

இடம் கிடைத்ததும் என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். சாலையோரம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அந்த இரும்புக் கதவைப் பார்த்ததும் என்னால் சைக்கிளை விட்டு இறங்க முடியவில்லை.

"என்ன, பிடிக்கலையா?"

"எங்கப்பா இதுக்குள்ளதாங்க போனாரு."

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி தருவதாகச் சொல்லி ஆண்களை இங்கே வரச் சொன்னார்கள். அம்மாவையும் என்னையும் எதிரே மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு அப்பா பையோடு உள்ளே போனார். கதவை மூடினார்கள். பின்வாசல் வழியாக லாரிகள் கிளம்பியது எங்களுக்குத் தெரியாது. சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

அப்பா சயாம் போன கதை கணவருக்குத் தெரியும், இந்த இடம்தான் என்று தெரியாது. "வேணாம்னு சொல்லிடவா?" என்றார்.

"வேணாம்னா சோத்துக்கு எங்க போறது?"

மில் ஓடியது. தோட்டத்தில் வேலை போன இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டோம். இயந்திரம் ஓடும்வரை ஒன்றுமில்லை. நின்ற உடனே பின்பக்கம் நிறையப் பேர் தணிந்த குரலில் பேசுவது போலிருக்கும். போய்ப் பார்ப்பேன், மூட்டைகள்தான் இருக்கும். தகரம் வெயிலில் விரிகிற சத்தம் என்றார் கணவர். மழை நாளிலும் கேட்டது.

அம்மா உள்ளே வரவே இல்லை. எனக்குச் சோறு கொண்டுவந்தாலும் எதிர்ப்பக்கமே நின்றுவிடுவார். மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் வெயிலில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த மலாய் அதிகாரி அம்மாவைக் கவனித்தார். யார் அந்தப் பெண், ஏன் வெயிலில் நிற்கிறார் என்று கேட்டார். கணவர் மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி மறுபடி அம்மாவைப் பார்த்தார். பிறகு, "என் சித்தப்பாவையும் கொண்டுபோனார்கள்" என்றார். செமாபோக்கில் வேறு கொட்டகை இருக்கிறது, விரும்பினால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. மாலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"நீங்க போயிட்டா, அவரு வந்து யாருகிட்ட கேப்பாரு?"

"எத்தனை வருசம் ஆச்சும்மா."

"ஆகட்டும். இங்கதான நிக்கச் சொன்னாரு."

கொட்டகையை மாற்ற வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அங்கேயே இருந்துவிட்டோம்.

மறுநாள் காலை அம்மா சாலையைக் கடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நேரே பின்சுவர்வரை நடந்து, அதில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். திரும்பி வந்து மிளகாய்க்கு முன் உட்கார்ந்து காம்பு கிள்ளத் தொடங்கினார். உடம்பு முடிகிறவரை அதே வேலையைச் செய்தார். இயந்திரம் நிற்கும்போது மற்றவர்கள் பேச்செடுத்தால் கையமர்த்துவார்.

"என்னம்மா பேசிக்கிறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெளங்கல. நம்ம பேச்சு மாதிரியும் இருக்கு, மலாய்க்காரங்க பேச்சு மாதிரியும் இருக்கு."

அம்மா போன பிறகும் மில் நன்றாகவே நடந்தது. இன்னொரு இயந்திரம் போட அரசாங்கம் உதவியது. வேலைக்கு மேலும் சில பெண்கள் வந்தார்கள். புதிதாக வருகிறவளிடம் நான் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் மூட்டை எடுக்கப் பின்பக்கம் போனவள் கொஞ்சம் வேகமாகவே திரும்பி வருவாள்.