கொட்டகையில் போட்ட முதல் பந்தி

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையை ஒட்டியது எங்கள் பன்றிக் கொட்டகை. சினைப் பன்றிகளைத் தனித்தனி இரும்புக் கூண்டுகளில் நிறுத்தி வைப்பதே நெடுநாள் எங்கள் வழக்கம். திரும்பிப் படுக்கவும் இயலாத அக்கூண்டுகளைக் கழற்றிவிட்டு, அனைத்தையும் ஒன்றாக நடமாட விட்டவன் நான். என் மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. கூண்டில் இருந்தவரை ஒவ்வொன்றுக்கும் அதனதன் பங்கு தவறாது கிடைத்தது. இப்போதோ பொதுத் தொட்டியில் தீவனம் விழுந்த மாத்திரத்தில் வலியதே முந்தியது.

அவ்வலியதைப் 'பெரியது' என்றே அழைத்தோம். அகன்ற தோளால் மற்றவற்றை இடித்துத் தள்ளி, தொட்டியின் இக்கோடி முதல் அக்கோடிவரை துடைத்துவிடும். சினைக்காலத்தில் மிகையாகத் தின்று கொழுப்பதும் கேடு, தின்னாது மெலிவதும் கேடு. இரண்டும் என் கண்ணெதிரே நிகழ்ந்தன. தலைச்சூல் கொண்ட ஓர் இளம்பன்றி, காதோரம் கடிபட்டு, மூலையை விட்டு நகராது நின்றது. அதன் முதுகெலும்பு தோலின்மீது தெரியலாயிற்று.

"இன்னாங்க, இது குட்டிய வயித்துலயே வுட்டுடப் போவுது. அப்பிடி ஆச்சுன்னா கூண்ட திரும்ப மாட்டிடணும், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"மாட்டிடலாம்" என்றேன்.

அச்சமயம் நாராயணவனத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் வந்தது. எங்களிடம் வேலை செய்யும் தெலுங்கு அம்மாளிடம் கொட்டகையை ஒப்படைத்துச் சென்றோம். சாப்பாட்டுக் கூடத்தின் வாயிலில் நான் காத்திருக்கையில் அவர் கைபேசியில் அழைத்தார்.

"நைனா, எப்ப வருவீங்க? தவுடு கலக்கி வெச்சிக்கினு நிக்கிறேன்."

நாதசுர ஒலிக்கிடையே உரக்கக் கூறினேன்: "நேரமாவும்மா! பந்தி பெருசு! கதவ சாத்தியாச்சு! மத்தவங்க துன்னு முடிச்சாதான் அடுத்தது!"

"அட்லாகே நைனா" என்று ஒப்புக்கொண்டு இணைப்பைத் துண்டித்தார்.

தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. சிறுவயது முதல் அறிந்ததே. எனினும் இலைக்குக் காத்திருந்தவனுக்கு அது நினைவில் எழவில்லை.

மாலைத் தீவன நேரத்தில் திரும்பியபோது, பெரியது பக்கத்து அறையில் அடைபட்டு உறுமிக்கொண்டிருந்தது.

"இத ஏம்மா உள்ள போட்ட?"

"நீங்கதான நைனா சொன்னீங்க? பெரிய பந்திய கதவ சாத்து, மத்தது துன்னப்புறம் வுடுன்னு!"

"நான் கல்யாணத்துப் பந்தியச் சொன்னேன்."

"ஐயையோ! கோயில் ஊரு கல்யாணத்துல பந்தி கறியா?"

மனைவி தூணைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்கத் தொடங்கி, சட்டென நிறுத்தினேன். இடிப்பாரின்றி, விரட்டுவாரின்றி, அந்த இளம்பன்றி தொட்டிக்குள் முகம் புதைத்துத் தின்றுகொண்டிருந்தது.

விருந்தில் எவரும் அடுத்தவர் இலைக்குத் தாவுவதில்லை. அவரவர்க்கு ஓர் இடம், அனைவர்க்கும் ஒரே வேளை. அந்த முறையையே கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். கழற்றிப் போட்ட கூண்டுக் கம்பிகளை அறுத்து, தொட்டி நெடுகிலும் தோளளவுத் தடுப்புகளாகப் பற்றவைக்கச் செய்தேன். தலைக்கு ஓர் இடம் அமைந்தது. பெரியதற்கு மட்டும் இரண்டாம் பந்தி, அதுவும் அளந்த தீவனம். தொடக்கத்தில் அது கதவை முட்டி ஆர்ப்பரித்தது. பின்னர் வேளை அறிந்து தானாகவே பக்கத்து அறைக்குள் சென்று நின்றது.

இளம்பன்றியின் விலாவில் சதை பிடித்தது, முதுகெலும்பு மறைந்தது. நாள் நிறைந்து அது ஈன்றபோது, மடியின் காம்பு ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி தொங்கியது. இளைத்ததென்று ஒன்றையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. மனைவி வெல்லம் கரைத்த கஞ்சியைத் தானே கொணர்ந்து தாயின் முன் வைத்தாள்.

கூண்டின் பேச்சு அதன்பின் எழவேயில்லை. மாட்டுவதற்குத்தான் கம்பி ஏது! மறுநாள் காலை, சாலைவரை கேட்கும்படி கொட்டகைக்குள்ளிருந்து அவள் குரல் ஒலித்தது:

"மொத பந்தி உக்காந்தாச்சு! பெரியம்மா, நீ அப்பால வாடி!"