மாவு மில் முனையில் ஒரு முற்றுகை

ஊரே திட்டித் தீர்த்த ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்ட மனிதர் இந்த நகரத்தில் ஒருவர் உண்டு என்றால், அது நம்முடைய முற்றுகை அண்ணன்தான். அவர் கும்பிட்டது மாவு மில் முனையின் போக்குவரத்து நெரிசலை.

நகரத்தைச் சுற்றிக் காட்டும் பேருந்தில் மைக் பிடித்துக் கதை சொல்லும் வழிகாட்டி அவர். ரயில் நிலையத்தில் ஏறுகிறவர்களுக்குக் கோட்டை, அரசர் சமாதி, மணிக்கூண்டு, அருங்காட்சியகம், பழைய துறைமுகம் என்று எல்லாவற்றையும் காட்டி, இருட்டுவதற்குள் ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிட வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. பணிமனையில் அது சம்பள நாளன்று மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் முற்றுகைதான்.

அந்தப் பெயருக்குக் காரணம் மாவு மில் முனை. கோட்டையிலிருந்து சமாதிக்குப் போகும் வழியில் ஐந்து சாலைகள் வந்து முட்டிக்கொள்ளும் இடம் அது. பேருந்து அங்கே போய்ச் சிக்கினால் நகராது, ஊரும். அந்த நேரத்துக்காகவே அண்ணன் கோட்டை முற்றுகைக் கதையை வைத்திருந்தார். எதிரிப் படை வளைத்துக்கொள்ளும், தானியம் குறையும், கிணறு வற்றும், தளபதி காலை வாரிவிடுவான், கடைசியில் அரசர் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்வார். அவர் உயிரை விடவும் டிரைவர் அண்ணன் பிரேக்கை விடவும் சரியாக இருக்கும். பேருந்து திரும்பும், எதிரே சமாதி. பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

மற்ற கதைகளும் அப்படியே. மணிக்கூண்டுக்கு ஒரு சிக்னல் அளவு, அருங்காட்சியகத்துக்கு ரயில்வே கேட் அளவு. புத்தகத்தைப் பார்த்து அவர் மனப்பாடம் செய்யவில்லை, சாலையைப் பார்த்துச் செய்திருந்தார்.

அவருக்கு வாழ்க்கை கிடைத்ததும் அதே முனையில்தான். இளவயதில் அங்கே நிற்கும் வண்டிகளின் ஜன்னல் ஜன்னலாக ஓடி நகர வரைபடம் விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் சுற்றுலாப் பேருந்தின் வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே எழவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“தம்பி, மேப் விக்கிறியே, அதுல என்ன இருக்குன்னாவது தெரியுமா?”

“தெரியும்ணே.”

“அப்ப ஏறு.”

ஏறியவர்தான், இறங்கவே இல்லை. அன்று மாலையே டிரைவர் அண்ணன் ஒரு சட்டமும் போட்டுவிட்டார். “மைக்ல ராஜா கதை சொல்லு, ராணி கதை சொல்லு. சொந்தக் கதையை மட்டும் எடுக்காதே. அவங்க ஊரைப் பார்க்க வந்திருக்காங்க, உன்னைப் பார்க்க வரலை.” அந்தச் சட்டத்தை முற்றுகை அண்ணன் ஒருநாளும் மீறியதில்லை.

கல்யாணமும் அந்த நெரிசல் செய்துவைத்ததுதான். தையல் கம்பெனிப் பேருந்து ஒன்று தினமும் பக்கத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். அதன் ஜன்னலோரத்தில் ஒரு பெண் முற்றுகைக் கதையைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அரசர் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து அவளுடைய பேருந்து நகர்ந்துவிடும். பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஏங்க, அந்த ராஜா பொழைச்சாரா, இல்லையா?”

“நாளைக்குச் சொல்றேன்.”

நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தே கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். முடிவைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். “செத்துத்தான் போறாரா? இது தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேனே” என்று அண்ணி இன்றைக்கும் வம்புக்கு இழுப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். நன்றாகப் படித்தாள், சாலைகளும் பாலங்களும் கட்டும் பொறியாளர் ஆனாள். அவள் சேர்ந்த குழு எடுத்துக்கொண்ட வேலை, மாவு மில் முனைக்கு மேம்பாலம். வீட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து அவள் விளக்கியபோது அண்ணன் பெருமையில் பூரித்துப்போனார். திறப்பு விழாவில் கை சிவக்கக் கைதட்டினார். மறுநாள் பேருந்து பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல் முற்றுகையை ஆரம்பித்தார்.

எதிரிப் படை அப்போதுதான் கோட்டையை வளைக்க ஆரம்பித்திருந்தது. பேருந்து இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கி, சமாதி வாசலில் போய் நின்றுவிட்டது. அரசர் உள்ளே திடகாத்திரமாக இருக்கிறார்.

முன் இருக்கை அம்மா ஒருவர் கேட்டார். “ஏங்க, அவரு இன்னும் சாகவே இல்லையே, அதுக்குள்ள சமாதி கட்டிட்டீங்களா?”

பேருந்தே குலுங்கிச் சிரித்தது. அதோடு விட்டதா என்றால் இல்லை. ஒன்று தவறினால் எல்லாம் தவறும் என்பதுபோல் சமாதியில் முற்றுகை ஓடியது, மணிக்கூண்டில் சமாதி ஓடியது, அருங்காட்சியகத்தைப் பார்த்து, “இதன் உச்சியில் இருக்கும் கடிகாரம்” என்று ஆரம்பித்துவிட்டார். சுருக்கிச் சொல்லிப் பார்த்தார். அரசர் தும்மல் போடும் நேரத்தில் செத்துப்போனார். ஒருவர் கண்ணும் கலங்கவில்லை.

புகார்கள் வரிசையாக வந்தன. மேனேஜர் கெட்டவர் இல்லை, இருக்கையை இழுத்துப் போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வண்டியில வர்றேன். கதையும் இடமும் ஒத்துப்போச்சுன்னா சரி. இல்லேன்னா பதிவு பண்ணின குரலைப் போட்டுடலாம்னு மேல சொல்றாங்க. உங்களுக்கு டிக்கெட் கவுண்டர்ல இடம் வாங்கித் தர்றேன்.”

டிக்கெட் கவுண்டர் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு “அடுத்து” என்கிற ஒரே வார்த்தையைச் சொல்லும் வேலை. அவரோ பேச்சையே மூச்சாக வைத்திருந்தவர். மகளிடம் சொல்லலாமா? எப்படிச் சொல்வது, ‘நீ கட்டின பாலம் என் வேலையைத் தின்றுவிட்டது’ என்று? வாயைத் திறக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே பொருமினார்.

“யாருக்கு இப்ப என்ன அவசரம்? பாலம் இல்லாம இந்த ஊரு ஓடலையா? எனக்கு எல்லாத்தையும் குடுத்தது அந்த நெரிசல்தான். என்ன கெடுத்துச்சு அது?”

அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு உங்க மறதி” என்றார். மறுபடியும் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்களை வணங்கி வரவேற்றுக்கொண்டிருந்த அண்ணன் கடைசி ஆளாக ஏறிய முகத்தைப் பார்த்துத் திகைத்தார். மகள். கையில் டிக்கெட். அண்ணி அவளிடம் சொல்லிவிட்டார் என்று பார்த்தவுடனே புரிந்தது. அவள் நேராகக் கடைசி நீள இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோட்டை நல்லபடியாகவே முடிந்தது. பேருந்து பாலத்தில் ஏறியது. அண்ணன் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு எதிரிப் படையைத் துரத்தித் துரத்தி வளைக்கவைத்தார். “கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்துகொண்டே...” என்னும்போது பின்னால் சைரன் கேட்டது. டிரைவர் அண்ணன் ஓரம் கட்டினார். ஆம்புலன்ஸ் ஒன்று விர்ரென்று தாண்டிப் போனது. அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அது பாலத்தின் மறுகோடியில் இறங்கி மறைந்துவிட்டது.

அண்ணன் கதையைப் பாதியில் நிறுத்தினார். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மில்லின் தகரக் கூரை, அதை ஒட்டிய நடைபாதை. அண்ணி சொன்ன மறதி என்னவென்று அப்போதுதான் உறைத்தது. மனிதருக்கு உடம்பு கூசிப்போயிற்று.

“எல்லாரும் கொஞ்சம் கீழே பாருங்க” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. “ராஜா இருக்கட்டும். அந்தத் தகரக் கூரை தெரியுதுங்களா? ஒருநாள் இதே பஸ் அங்க மாட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் இதே முற்றுகையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். பின்னால ஒரு டாக்சியில என் பொண்டாட்டி பிரசவ வலியில துடிக்கிறா. கூட என் அக்கா. டாக்சி முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் போக முடியலை. அக்கா ஓடிவந்து பஸ் கதவைத் தட்டினப்பதான் எனக்கே தெரியும்.”

பேருந்தே ஜன்னல் பக்கம் சாய்ந்து கீழே பார்த்தது.

“எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஊர் பார்க்க வந்த உங்களை மாதிரி ஆளுங்கதான் இறங்கினாங்க. கடைசி சீட்டோட நீள மெத்தையைக் கழட்டி, அதுல அவளைப் படுக்கவெச்சு, தோள்ல தூக்கிக்கிட்டாங்க. மத்தவங்க முன்னால நடந்து, ஒவ்வொரு வண்டியா கையைக் காட்டி நிறுத்தி வழி பண்ணினாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்தே போனாங்க. படியேறும்போதே குழந்தை பொறந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னார். நான் அழுதுட்டு வெளிய வந்து பார்த்தா, தூக்கிட்டு வந்தவங்க யாரும் இல்லை. அவங்க பேர் தெரியாது, எந்த ஊருன்னும் தெரியாது. அன்னைக்கு அவங்க சமாதியையும் பார்க்கலை, மணிக்கூண்டையும் பார்க்கலை.”

ஓரமாகவே மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த பேருந்து இறக்கத்தில் திரும்பியது.

“அந்தக் குழந்தை வளர்ந்து, இன்னொருத்திக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு இந்தப் பாலத்தைக் கட்டினவங்கள்ல ஒருத்தியா ஆனா. தூக்கினவங்களை மறக்கலை, அந்த நெரிசல் பண்ணினதை மட்டும் மறந்துட்டு, பாலத்தால என் கதை கெட்டுப்போச்சுன்னு நேத்து வரைக்கும் நான் புலம்பிக்கிட்டு இருந்தேன். புத்தி கெட்டவன். இடது பக்கம் பாருங்க, அதுதான் அந்த ஆஸ்பத்திரி.”

கதை முடிந்த இடத்தில் ஆஸ்பத்திரி வந்து நின்றது. வாசலில் அந்த ஆம்புலன்ஸ். பின்கதவு திறந்திருந்தது. படுக்கையை உள்ளே கொண்டுபோயாகிவிட்டது.

முன் வரிசையில் யாரோ, “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டார்கள்.

“உங்களுக்குப் பின்னால. அதே சீட்டுல” என்றார் அண்ணன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மகள் எழுந்து நின்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை வருடங்களில் மணிக்கூண்டைக்கூட யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இந்தப் பாலத்துக்கு இந்தக் கதைதான், அண்ணே. பதிவு பண்ணின குரல் வேண்டாம்னு நானே மேல சொல்லிடறேன். ராஜாவை மட்டும் சமாதிக்கு நடந்து போற வழியில எங்கயாவது முடிச்சுவிட்டுடுங்க” என்றார்.

அண்ணன் தலையாட்டிவிட்டு மறுபடியும் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். “பஸ்ல ஏறுற ஒவ்வொருத்தரையும், அவங்கள்ல ஒருத்தரா இருக்குமோன்னு நான் பார்க்கறது உண்டு. கண்டுபிடிக்க முடியலை. அதனால உங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். ரொம்ப நன்றிங்க.”

டிரைவர் அண்ணன் சமாதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அவரை முறைத்தார். சட்டத்தை மீறியதற்குத் திட்டப்போகிறார் என்று முற்றுகை அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரி. அந்த மெத்தையைக் கழட்டினது நான். நாளையிலேருந்து அதையும் சேர்த்துச் சொல்லு” என்றார்.