வால் வெட்டுப்பட்ட ஒன்பது

முதல் அழைப்பு வந்தபோது நான் செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் லேசர் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் டோனர் பொடி. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். பேசியவர், மாட்டுக்கொட்டகைக்குள் சாரைப்பாம்பு புகுந்துவிட்டது, எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்தேன். அவரே மறுபடியும் கூப்பிட்டார். நம்பரைப் பார்த்துத்தான் போட்டேன், வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று சொல்லுங்கள் என்று கோபித்துக்கொண்டார்.

அதன்பிறகு பாம்பு ஓயவில்லை. படாளத்தில் கோழிக்கூண்டுக்குள் பாம்பு. மாமல்லபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பாம்பு. சாப்பிடும்போது பாம்பு, கஸ்டமரிடம் பில் போடும்போது பாம்பு. நான் பிரிண்டர் சர்வீஸ் செய்கிறவன். கூடுவாஞ்சேரியிலிருந்து கடப்பாக்கம் வரை நான் தொட்ட பிரிண்டர்களில் எல்லாம் என் நம்பர் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. பேப்பர் சிக்கிக்கொண்டது என்று சொல்ல ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கூப்பிட்டபோது, அவர் வாயைத் திறக்கும் முன்பே, "நான் பாம்பு புடிக்கிற ஆளு இல்லீங்க" என்று கத்திவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடம் அப்புறம் வேறு ஆளைத் தேடிக்கொண்டது.

எங்கிருந்து இந்த நம்பர் கிடைத்தது என்று சிலரைக் கேட்டுப் பார்த்தேன். பாம்பு வீட்டுக்குள் இருக்கும்போது யார் நின்று பதில் சொல்வார்கள்? மாமன் கொடுத்தார், மச்சான் அனுப்பினான் என்று வைத்துவிட்டார்கள்.

கூடுவாஞ்சேரி அழைப்பு ஒரு பகல் வேளையில் வந்தது. மறைமலை நகரில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி எடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, இளம் பெண் குரல்.

"அண்ணே, ரூம்புக்குள்ள பாம்பு கெடக்கு. நான் பிள்ளையத் தூக்கிட்டுக் கட்டில் மேல நிக்கேன். வாசல் பக்கமா சுருண்டு கெடக்குண்ணே, எறங்க முடியல."

ராங் நம்பர் என்ற சொல் வாய் வரை வந்து நின்றுவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கார்டைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார். அதையும் வீட்டு அட்ரஸையும் எனக்கு அனுப்பும்மா, நான் ஆளை அனுப்புகிறேன் என்றேன். எந்த ஆளை என்று எனக்கே தெரியாது.

போட்டோ வந்தது. விசிட்டிங் கார்டு. பாதிக் கார்டை அடைத்துக்கொண்டு படமெடுத்து நிற்கும் நாகம். பவானி, பாம்பு மீட்பு, வனத்துறை அனுமதி பெற்றவர் என்று எழுதியிருந்தது. கீழே வலது மூலையில் என் நம்பர்.

ஆனால் அந்தக் கார்டு நேராக இல்லை. பச்சை பார்டர் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் காணாமலும் இருந்தது. வரிகள் எல்லாம் வலதுபக்கம் சரிந்து இறங்கின. பேப்பர் கோணலாக உள்ளே போயிருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கினேன். நம்பர் போகப் போகக் கார்டின் விளிம்புக்குள் மூழ்கியிருந்தது. கடைசிக்கு முந்தைய இரண்டும் ஒன்று, ஏழு. கால் வெட்டுப்பட்டாலும் ஒன்று ஒன்றாகத்தான் தெரியும், ஏழு ஏழாகத்தான் தெரியும். கடைசியில் ஒரு சைபர். அதே நம்பரில் முன்னால் இன்னொரு சைபர் இருந்தது. கடைசி சைபர் அதைவிடக் குள்ளமாக இருந்தது. அது சைபரே இல்லை. கீழ்ப்பாதி வெட்டுப்பட்ட வேறு ஏதோ நம்பர்.

எட்டாக இருக்கலாம், ஒன்பதாக இருக்கலாம். எட்டைப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். ஒன்பதைப் போட்டேன். ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க, எந்த எடம்?" என்றார்.

நான் கார்டு, அலைன்மென்ட், ஒன்பது என்று உளற ஆரம்பித்தேன்.

"நம்பர் கத அப்பால கேக்கறன். பாம்பு எங்க கீது, அத சொல்லுங்க."

சொன்னேன். அவர் அப்போது சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்தார். அந்தப் பெண் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, பாம்பின் மேல் எதையும் எறியக்கூடாது, அது எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கூடுவாஞ்சேரிப் பெண்ணைக் கூப்பிட்டு அதையெல்லாம் சொன்னேன். வைக்காதீங்கண்ணே என்றார். வைக்கவில்லை. குழந்தை பெயர் என்ன, பல் முளைத்துவிட்டதா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறி ஆடை கட்டியது. ஒரு கட்டத்தில், பாம்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, இப்போது தெரியவில்லை என்றார். வந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருந்ததால் கதவு திறந்தது. பவானியின் குரல் போனுக்குள் கேட்டது. அசையாம நில்லு பாப்பா, என்ன மட்டும் பாரு என்றார். அப்புறம் கட்டில் கால் இழுபடும் சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. கடைசியில், புடிச்சாச்சு, கண்ணாடி விரியன் என்ற குரல் கேட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறிப்போன டீயை ஆடையோடு குடித்தேன்.

அன்று சாயங்காலம் பவானியே என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். பழைய சிம் போய்விட்டதால் புது நம்பர் வாங்கியிருக்கிறார். எல்லாருக்கும் புது நம்பர் தெரியவேண்டும் என்றுதான் வீட்டிலேயே கார்டு அடித்து, ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறார்.

"கார்டு குடுத்ததுலேந்து போனே வர்ல அண்ணா. பொம்பள புடிப்பாளான்னு நெனைக்கிறாங்க போலன்னு இருந்துட்டன். கேன்டீன் வேலைக்குச் சொல்லி வெச்சிகினு இருந்தன்."

கார்டை யார் பிரிண்ட் செய்தது என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்றார். பிரிண்டரை நான் வந்து பார்க்கிறேன் என்றேன். என் நிம்மதிக்காகத்தான் போனேன், தர்மத்துக்கு இல்லை.

மோகனின் பிரிண்டர்

திருக்கழுக்குன்றம் தாண்டி வீடு. கணவர் மோகன் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை செய்கிறார். புது இங்க்ஜெட் பிரிண்டருக்குப் பூ வைத்து, குங்குமம் வைத்து, டிவி பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

"அலைன்மென்ட்லாம் பண்ணிட்டன் அண்ணாத்த. தினம் பண்றன். மிஷின்லதான் இன்னாவோ கோளாறு" என்றார்.

தினம் பண்ணியது ஹெட் அலைன்மென்ட், அதாவது மை தெளிக்கும் முனையைச் சரிசெய்வது. அந்தப் பட்டனை அமுக்கினால் கோடு கோடாக ஒரு பக்கம் வரும், அதற்கும் மை செலவாகும். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால், கலர் ஒன்றை விட்டு ஒன்று தள்ளி விழுந்தால், அதற்குத்தான் அது. பேப்பர் கோணலாகப் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் கார்டு அடிக்கிற எல்லாரும் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். அலைன்மென்ட் என்று பேர் போட்டுப் பட்டனை வைத்தவனைத்தான் சொல்லவேண்டும். இதைச் சொன்னேன். மோகன் கேட்டுவிட்டு, வீடியோவில் அப்படிச் சொல்லவில்லையே என்றார்.

அவர் வாங்கியிருந்தது பத்து கார்டுக்குப் புள்ளிக்கோடு போட்டு வரும் கெட்டியான ஷீட். பின்பக்க ட்ரேயில் பேப்பரை ஓரத்தில் அணைத்துப் பிடிக்கும் கைடை ஷீட்டோடு ஒட்டித் தள்ளாமல் விட்டிருந்தார். ஷீட் ஆடிக்கொண்டே உள்ளே போகிறது. கைடை ஒட்டித் தள்ளினேன். இறுக்கினால் கிழியும் என்று அவர் தளர்த்தினார். நான் தள்ளினேன், அவர் தளர்த்தினார். செட்டிங்கில் ஃபிட் டு பேஜ் இருந்தது. அது டிசைன் முழுவதையும் கொஞ்சம் சுருக்கிவிடும். முதல் வரிசைக் கார்டு சரியாக இருக்கும், கீழே போகப் போகப் புள்ளிக்கோட்டை விட்டு நகரும். ஆக்சுவல் சைஸ் வைத்தேன். பேப்பர் டைப் சாதாரணப் பேப்பர் என்று இருந்ததைக் கெட்டிப் பேப்பராக மாற்றினேன். பாத்ரூம் போய்விட்டு வந்து பார்த்தால் ஃபிட் டு பேஜ் திரும்ப வந்திருந்தது. அதுதான் வீடியோவில் சொன்னது என்றார் மோகன்.

எனக்குத் தலை சூடேறிவிட்டது. நல்ல ஷீட்டைத் தொடாதீர்கள் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். சாதாரண வெள்ளைப் பேப்பரில் அடித்து, அதைக் கார்டு ஷீட்டின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். புள்ளிக்கோடும் டிசைனும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. உட்கார்ந்தது. பிறகுதான் கெட்டி ஷீட்டை விட்டேன். நேராக வந்தது.

மோகன் அந்த ஷீட்டையும், மீந்திருந்த பழைய கார்டுக் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் போட்ட கார்டாலதான் உனக்குப் போன் வர்லியா?"

மதியத்திலிருந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம், மிஷினில் ஒரு கோளாறும் இல்லை என்பதுதான். பவானி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மிஷின்தான் இழுத்துகிச்சு. இல்லிங்கண்ணா?"

"ஆமாம். பேப்பரை இழுக்கிற ரோலர் கொஞ்சம் வழுக்குது. புது மிஷின்ல சில சமயம் அப்படி வரும்" என்றேன்.

என் சர்வீஸ் வாழ்க்கையில் நல்ல ரோலர் மேல் பழி போட்டது அன்று ஒரு தடவைதான். மோகன் எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

ஆனாலும் வேலை முடியவில்லை. நேராக வந்தாலும் நம்பர் விளிம்போடு ஒட்டித்தான் இருந்தது. வீட்டு பிரிண்டர் ஒவ்வொரு ஷீட்டுக்கும் மயிரிழை முன்னே பின்னே போகத்தான் செய்யும். அதனால் எந்த எழுத்தும் ஓரத்திலிருந்து அரை விரல் உள்ளேயே நிற்கவேண்டும். இடம் எங்கே? நாகம் விடவில்லை. அந்தப் படத்தை மோகன் ரொம்பத் தேடிப் பிடித்தாராம். சின்னதாக்கலாம் என்றேன், சின்னதாக்கினால் கெத்து போய்விடும் என்றார். மறுபடியும் ஆரம்பித்தோம்.

பவானிதான் முடித்து வைத்தார்.

"படம் வாணாம், எடுத்துடு. பாம்பப் பாத்துட்டுதான எனக்குப் போன் பண்றாங்க? திரும்ப கார்டுல வேற பாக்கணுமா?"

நாகம் போனது. பச்சை பார்டரும் போனது. பார்டர் வைத்தால் நூலளவு நகர்ந்தால்கூட எல்லார் கண்ணுக்கும் தெரியும், வெள்ளை விட்டுவிட்டால் தெரியாது. கார்டின் நடுவில் நம்பர் மட்டும் பெரிதாக வந்து உட்கார்ந்தது. மேலே பெயர், கீழே ஒரு வரி. மோகன் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆதார் கார்டு மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் அன்று மீதி ஷீட் முழுவதையும் அவரேதான் அடித்தார். கைடைத் தளர்த்தவில்லை.

பவானி கேன்டீன் வேலைக்குப் போகவில்லை. இப்போது பாம்பு வந்தால் கூடுவாஞ்சேரி அபார்ட்மென்ட்காரர்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் வீட்டில் கார்டு அடித்துக் கொடுத்தாலும் முதல் கார்டைச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அடித்தவர் கண்ணுக்கு அவர் நம்பர் எப்போதும் சரியாகத்தான் தெரியும். அவருக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே.

பழைய கார்டுகள் இன்னும் சுற்றுகின்றன. கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம், போட்டோ எடுத்து ஃபார்வேர்டு செய்ததை யார் வாங்குவது? மழை பிடித்தால் எனக்கு அழைப்பு வந்துவிடும். இறங்காதீங்க, எறியாதீங்க, கண்ணை எடுக்காதீங்க, கடைசி நம்பரை ஒன்பதாகப் போடுங்க என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்து என் மனைவி, அந்த நம்பரைத்தான் மாற்றித் தொலையுங்களேன் என்கிறாள். எனக்கும் எரிச்சல்தான். மாற்றியிருக்கலாம். மாற்றிவிட்டால், அடுத்த தடவை யாராவது கட்டில் மேல் நின்றுகொண்டு கூப்பிடும்போது யார் எடுப்பது?