நடு முகம்

காலை ஒன்பதரைக்கு என் கைப்பேசி என்னிடம் நலம் விசாரிக்கும். லிங்கராஜபுரத்தில் ஏறி, சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் கன்னடத்தில் "ஒளகே ஹோக்ரீ, ஒளகே" என்று எல்லாரையும் உள்ளே நெருக்கும் நேரம் பார்த்துத்தான் அது அதிரும். அலுவலகம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் மனநலச் செயலி. இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு ஐந்து மஞ்சள் முகங்களைக் காட்டும். இடது ஓரத்தில் அழுகிற முகம். வலது ஓரத்தில் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிற முகம். நடுவில் இருப்பதற்கு வாய்க்குப் பதில் ஒரு நேர்க்கோடு. நான் ஆரணிக்காரி. அந்த நடு முகத்தைத் தவிர வேறெதையும் தொட என் கட்டைவிரலுக்குத் தெரியாது.

ஒரு மாநில எல்லையைத் தாண்டியதற்கே புலம்பெயர்ந்தேன் என்று எழுதுகிறாயா என்று துபாயில் இருக்கும் சித்தப்பா கேட்பார். தூரத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் "எப்படி இருக்கிறாய்" என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு, அது ஓசூரைத் தாண்டினால் செல்லாது என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்பாவுக்கு பஜாரில் மின்சாமான் கடை. இரண்டாவது கடையைத் திறந்த அன்று, கழுத்தில் மாலையோடு நின்றவரிடம் ஒருவர், "எப்டிணா போகுது வியாபாரம்?" என்றார். "ஏதோ ஓடுதுபா" என்றார் அப்பா. சுவரில் பெயின்ட்கூடக் காயவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது அம்மா எதிர்வீட்டில் போய்ச் சொன்னது, "ஏதோ பாஸாயிட்டா." இதை அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், அவ்வளவுதான். ஒருமுறை எதிர்வீட்டு அத்தை, "உம் பொண்ணு எந்நேரமும் சிரிச்சிகினே இருக்காளே" என்றார். சாயங்காலம் எனக்குக் காய்ச்சல். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். துளி நெடி வரவில்லை, அதனால் அத்தையின் கண்தான் என்று முடிவானது. பிறகு நான் பொறியியல் படித்தேன். அந்த நெடி ஏன் வரவில்லை என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

செயலி அறிமுகமான மாதம்தான் இந்த ஊரில் எனக்கு வாய்த்த மிக நல்ல மாதம். முதல்முறையாக ஒரு ப்ராஜெக்டுக்கு என்னை லீட் ஆக்கியிருந்தார்கள். அடுத்த பஸ் எப்போது வரும், அதில் நிற்க இடமிருக்குமா என்று சொல்லும் மென்பொருள். தினமும் நிறுத்தத்தில் கழுத்தை நீட்டி நிற்கிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? குளிக்கும்போதும் அதே யோசனை. இவ்வளவு சந்தோஷத்தைப் பாதுகாக்க வேண்டுமே என்று தினமும் தவறாமல் நடு முகத்தை அழுத்தினேன். சந்தோஷம் கூடக்கூட இன்னும் அழுத்தமாக.

ஒரு நாள் எச்.ஆர். ஷ்ருதி கூப்பிட்டார். மைசூர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தமிழை நன்றாகவே பேசுவார், கன்னட வேகத்தில்.

"நந்தினி, ஏன் சமாச்சார? என்ன விஷயம், எல்லாம் ஓகேதானே?"

"பரவாகில்லா மேடம்."

"சும்மா சொல்லாதீங்க. மனசுல என்ன பேஜாரு, சொல்லுங்க."

"பேஜாரெல்லாம் இல்ல மேடம். ஏதோ போகுது."

அவர் முகம் வாடியது. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். கொடுத்ததை வாங்காமலிருந்தால் மரியாதையாக இருக்காதே என்று ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதோடு என் கதை முடிந்தது. மத்தியானமே மேனேஜர் பிரகாஷ் என் இருக்கைக்கு வந்து, அண்ணன் போன்ற குரலில், "ஹெல்த் ஃபர்ஸ்ட், நந்தினி. ப்ராஜெக்டைக் கொஞ்ச நாள் கார்த்திக் பாத்துக்கட்டும்" என்றார். அடுத்த மாதம் வெளியீடு. அப்போது யார் கையில் இருக்கிறதோ அவருடைய ப்ராஜெக்ட் அது.

என் மன அழுத்தம் அன்றுதான் ஆரம்பித்தது. அதைக் குறைக்க என் மேசையில் ஒரு செடி வைத்தார்கள். மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கண்ணை மூடி, மனதுக்குப் பிடித்த இடத்தில் இருப்பதாக நினைக்கச் சொன்னார் பயிற்சியாளர். எனக்குப் பிடித்த இடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே கார்த்திக், பலகையில் நான் வரைந்திருந்த பஸ் வழித்தடங்களை அழித்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் மறுநாள் காலை பல் தெரியும் முகத்தை அழுத்தினேன். அதற்கடுத்த நாளும். ஷ்ருதி மறுபடி கூப்பிட்டார். "திடீர்னு இவ்ளோ ஹேப்பியா? இது நார்மல் இல்லப்பா" என்றார். முன்பைவிடக் கவலையாக இருந்தார். திடீர் சந்தோஷத்துக்கென்று தனியாக ஒரு கவுன்சிலர் இருக்கிறாராம்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். புது ஸ்கூட்டர், ஸீட் உறைகூடப் பிரிக்கவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின.

"மேடம், இது எதுக்கு?"

"ஓ, அதுவா? அம்மா கட்டினாங்க. த்ருஷ்டி ஆகபாரது அந்தா, கண்ணு படக்கூடாதுன்னு."

"வண்டி நல்லா ஓடுதா?"

"பரவாகி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க வண்டிக்குக் கட்டியிருக்கீங்க மேடம். நான் மூஞ்சிக்குக் கட்டியிருந்தேன். அந்தக் கோடு வாய் மூஞ்சிதான் என் எலுமிச்சம்பழம். அப்ப நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். ப்ராஜெக்டக் குடுத்துடுங்க, செடிய எடுத்துக்கங்க."

"அய்யோ தேவரே" என்று ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே சத்தமாகச் சிரித்தார். "இத அந்த ஆப்புக்கு யார் ரீ சொல்றது? சரி, பிரகாஷ்கிட்ட நான் பேசறேன். ஆனா ஒரு கண்டிஷன். திங்கக்கிழமைலேருந்து உள்ளபடி அழுத்தணும்."

வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் திரும்பி வந்தது. கார்த்திக், "அப்பாடா, எடுத்துக்கோ தாயே" என்று வழித்தடங்களின் போட்டோவை அனுப்பினான். பயல் அழிப்பதற்கு முன் எடுத்து வைத்திருக்கிறான். செடியை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் ஏதோ இருக்கிறது.

திங்கட்கிழமை பஸ்ஸில் கைப்பேசி அதிர்ந்தது. உள்ளபடி சொன்னால் வலது ஓரம்தான். கட்டைவிரல் அங்கே போய், தொடாமல் நின்றது. மாதம் முழுக்க நாள் தவறாமல் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, வெளியீட்டன்று எது உடைந்தாலும் அதற்கு யார் பொறுப்பு? பையில் பலகையில் எழுதும் கறுப்பு மார்க்கர் கிடந்தது. கம்பியில் தோளைச் சாய்த்து, மூடியைப் பல்லால் கழற்றி, அந்த முகத்தின் கன்னத்தில், திரை மேலேயே, சின்னதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். பிறகு அழுத்தினேன்.

மஞ்சள் முகங்கள் மறைந்தன, பொட்டு மட்டும் கண்ணாடியிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள்.

"இன்னா பாப்பா, எப்டிடி இருக்க?"

"ஏதோ இருக்கேம்மா."

"ஆங், அது போதும்" என்று அம்மா சிரித்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பொட்டு சரியாக அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. கண்டக்டர் "ஒளகே ஹோக்ரீ" என்றார். பொட்டு அந்தக் கன்னத்தைவிட்டு விலகிவிடாதபடி கைப்பேசியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தேன்.