பந்தல் அண்ணனுக்கு, சாடி தங்கைக்கு

இந்தக் கதையை நடுநிலையோடு சொல்ல எனக்கு உத்தேசமில்லை. நான் ஜெஸி பக்கம். ஆல்பின் பக்கத்து நியாயம் வேண்டும் என்பவர்கள் அவனிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். வாடிப்பட்டி ரோட்டில் பெரிய போர்டு வைத்திருக்கிறான், கண் தெரியாதவர்கூடத் தவறவிட முடியாது.

ஜெஸி எங்கள் மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், எனக்கு அடுத்த மேஜை. வீடு மதுரை காளவாசலில். அவளுடைய அப்பா ஆசீர்வாதம் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்ட ரகம் என்று சொல்வார்கள். சுண்ணாம்பும் மயில்துத்தமும் கரைத்து அடிப்பதைத் தவிர வேறு எந்த மருந்தையும் அவர் பந்தலுக்குள் விட்டதில்லை. ஜெஸி கல்யாணமாகிப் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி அங்கே போய்விடுவாள். மகன் ஆல்பின் கட்டட கான்ட்ராக்டர். செருப்பில் மண் ஒட்டும் என்று வரப்புப் பக்கமே வரமாட்டான்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு, பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற பந்திக்கு, வைக்கிற திராட்சரசம் அந்தத் தோட்டத்துச் சாடியிலிருந்துதான் வரும். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகை அன்றைக்குப் புது ரசத்தைப் பீடத்தில் வைப்பார்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளை படிந்திருக்கும் அல்லவா, ரசத்தைப் பொங்க வைப்பது அதுதான். அதனால் பழத்தைக் கழுவக்கூடாது. கழுவாமல் சாடியில் போட வேண்டுமென்றால் விஷம் அடித்திருக்கக்கூடாது. மொத்த வித்தையும் இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்காக அப்பாவும் மகளும் வருஷம் முழுக்கப் புழுவோடும் பூஞ்சணத்தோடும் மல்லுக்கட்டினார்கள்.

ஆசீர்வாதம் இறந்து அடக்கமான மறு வாரம் சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். நானும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். சட்டப்படி ஜெஸிக்கும் பாதி உண்டு என்று யாரோ ஒரு பெரியவர் மெல்ல ஆரம்பித்தார். ஆல்பின் அவரை முடிக்கவிடவில்லை.

"பந்தல் எனக்கு. சாடிய வேணா அவ எடுத்துக்கட்டும். பொம்பளப் புள்ளைக்கு ஊறுகா போட ஆகும்ல" என்றான்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, சாவு வீட்டில் சிரிக்க ஏதாவது கிடைக்காதா என்று இருந்தவர்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஜெஸியின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். மூன்று சாடிகளையும் பழைய துணியில் சுற்றி, ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு, மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தாள்.

கேஸ் போடு என்று நான் தினமும் நச்சரித்தேன். என் தம்பிக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், நல்ல மனிதர் என்றேன். ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு அவள் சொன்னாள்.

"கேஸ் போட்டா நெலம் கெடைக்கும்க்கா. எனக்கு நெலம் வேணாம். அவன் சபைக்கு முன்னால முட்டி போட்டு, எங் கையால செஞ்ச ரசத்தக் குடிக்கணும். குடிக்கும்போது அது என்னுதுன்னு அவனுக்குத் தெரியணும். அது போதும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மனதில் பகையை வைத்துக்கொண்டு திருவிருந்துக்குப் போகக்கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்தது. முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வா என்பார்கள். முக்கால்வாசிப் பேர் இதைக் காதில் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைச் சபித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கிக் குடிப்பவர்களை எனக்குத் தெரியும். ஆல்பினும் சபைக் கமிட்டி மெம்பர் என்ற மிடுக்கில் முதல் வரிசையில் போய் மண்டியிடுவான். ஜெஸி அப்படிச் செய்யவில்லை. பெண்கள் பக்கம் எல்லாரும் எழுந்து வரிசையாகப் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும் என்று இருந்தாள்.

தோட்டம் கைக்கு வந்ததும் ஆல்பின் செய்த முதல் வேலை, ரோட்டோரம் 'இயற்கைத் திராட்சைத் தோட்டம்' என்று போர்டு வைத்தது. இரண்டாவது வேலை, கடையில் இருந்த மருந்தையெல்லாம் வாங்கி அடித்தது. மதுரையிலிருந்து காரில் குடும்பம் குடும்பமாக வந்து, பந்தலுக்குக் கீழே போட்டோ பிடித்துக்கொண்டு, மருந்து அடித்த பழத்தைக் குழந்தை வாயில் ஊட்டினார்கள். படுபாவி, பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவதாக ஒன்று செய்தான். அங்கேதான் மாட்டினான். கவாத்து செய்தபோது வெட்டிய குச்சிகளை அள்ளி வரப்புக்கு அந்தப் பக்கம், அன்னக்கொடியின் காட்டில் கொட்டினான். அன்னக்கொடி அடுத்த நிலத்துக்காரி. ஆல்பின் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து அவளுடைய கத்தரிச் செடியைச் சுருட்டிப் போட்டிருந்தது. கேட்கப் போனவளை, உன் காட்டில் காத்து அடித்தால் அதற்கு நானா பொறுப்பு என்று விரட்டியிருந்தான். குச்சியைப் பார்த்ததும் அவள் ஆபீஸ் நேரத்திலேயே ஜெஸிக்குப் போன் போட்டாள்.

"ஏ ஜெஸி, ஒங்க அண்ணன் குப்பைய எங் காட்டுல கொட்டிருக்கான். அடுப்புக்கு வச்சுக்கவா, ஒனக்கு வேணுமா?"

ஜெஸி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். திராட்சைக்கு விதை போட வேண்டியதில்லை, கவாத்துக் குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். திராட்சைக்காரன் மகனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவனோ குப்பை என்று நினைத்துத் தங்கச்சி கைக்கு அப்பாவின் தோட்டத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டான். ஈரச் சாக்கில் சுற்றிய கட்டுகளோடு அவள் காளவாசலில் இறங்கியதை நான் பார்த்தேன். மொட்டைமாடியில் பைகளில் மண் நிரப்பி நட்டாள். தளிர் விட்டதும் அன்னக்கொடி தன் காட்டில் அரை ஏக்கரைக் கேட்காமலேயே ஒதுக்கிக் கொடுத்தாள், சரியாக ஆல்பினின் வேலியை ஒட்டி. வேறு இடம் தரட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாளாம். வேண்டாம் மதினி, அவன் காலையில் எழுந்து முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்றாளாம் ஜெஸி.

கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கொடிகளை ஏற்றினார்கள். சனி, ஞாயிறு, பள்ளிக்கூட லீவு எல்லாம் அங்கேதான் போயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்துப் பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களின் வீடியோ பார்ப்பாள். ஒரே குடும்பமாக ஐந்தாறு பேர், கொடிக்கு நடுவில் புல்லை வளரவிட்டு, மருந்தில்லாமல் விளைவித்து, தாங்களே பிழிந்து பீப்பாயில் ஊற்றுவார்கள். சருகைப் பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போடுவது, இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுவது எல்லாவற்றையும் அதில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரு வீடியோவில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று ஒரே கூடையில் குலை பறித்துப் போட்டார்கள். ஜெஸி அதை முடியும்வரை பார்க்கவில்லை, பட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கொடி பந்தலில் படர்ந்த சமயம் ஆல்பின் வேண்டுமென்றே காற்றடிக்கிற காலையாகப் பார்த்து ஸ்பிரேயரை எடுத்தான். ஜெஸியின் கொழுந்தெல்லாம் கருகிச் சுருண்டது. அன்றைக்கு அவள் அழுதாள், நான் மறைக்கவில்லை. அடுத்த வாரம் வேலி நெடுகக் கம்பு ஊன்றிப் பழைய சேலைகளைக் கட்டி மறைத்தாள். காட்டுப்பன்றிக்காக இந்தப் பக்கம் எல்லாரும் கட்டுவதுதான். ஆனால் அவள் கட்டியது அத்தனையும் இறந்துபோன அவர்கள் அம்மாவின் சேலை. ஆல்பின் ஸ்பிரேயரோடு வந்து நின்றான். ஊதா நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட சேலை, அம்மா கோயிலுக்குக் கட்டியது, அவன் முகத்துக்கு நேரே ஆடியது. இந்தப் பக்கத்திலிருந்து ஜெஸி சொன்னாள், "அம்மா சேலையில அடிண்ணே பாப்போம்." அவன் ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவனுக்கும் எங்கேயோ கொஞ்சம் மனசு இருந்திருக்கிறது. இதை நான் ஒரே ஒரு தடவைதான் சொல்வேன்.

இதற்கிடையில் சபை ரசத்தின் கதையைக் கேளுங்கள். அப்பா செய்த பணி என்று ஆல்பின் விடாப்பிடியாகத் தானே செய்தான். சாடி கையில் இல்லை, பிளாஸ்டிக் டிரம்மில் போட்டான். மருந்து குடித்த பழம் பொங்கவே இல்லை. கடை ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் கொட்டிப் பொங்க வைத்தான். முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினோம். அடுத்த வருஷம் சுத்தமான காடி. கிண்ணத்தை வாங்கிய ஒவ்வொருவர் முகமும் புளியங்காயைக் கடித்த மாதிரி போனது. பயபக்தியோடு போனவர்கள் இருமிக்கொண்டு திரும்பினார்கள். அவனுடைய பந்தலிலும் கொடிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக ஆரம்பித்திருந்தன.

பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அந்த வருஷம் புதிதாக மாறி வந்த ஐயர் விசாரித்துக்கொண்டு ஜெஸி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அந்த வருஷத்துப் புது ரசம் சாடியில் தெளிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் அறை முழுக்கப் பன்னீர் வாசம். அவர் ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, அவர் கேட்டுத்தானே ஆக வேண்டும், கேட்டார்.

"மனசுல பகைய வச்சுக்கிட்டு இதச் செய்யலாமாம்மா?"

"பகை எனக்குத்தான் ஐயரே, கொடிக்கு இல்ல" என்றாள் ஜெஸி. "நான் பந்திக்கு வரல. ரசம் மட்டும் வரட்டும்."

அவர் மூடியை எடுத்துச் சாடியை மூடினார். சபையில் பாதிப் பேர் காடிக்குப் பயந்து திருவிருந்துக்கே வராமல் நின்றுவிட்டார்கள், அதுவும் அவர் கவலைதானே. கடைசியில் யார் செய்தது என்று அறிவிக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அறிவிக்க வேண்டியதில்லை, தெரிய வேண்டியவனுக்குத் தெரியும் என்றாள் இவள்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு. பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், நெற்கதிர், பூசணிக்காய், ஏலத்துக்குக் கொண்டுவந்த சேவல்கள். இந்த வருஷம் உங்கள் ரசம் வேண்டாம் என்று ஐயர் முன்பே சொல்லிவிட்டதால், கடையில் வாங்கிய ரசம் என்று ஆல்பின் நினைத்திருக்க வேண்டும். புது வேட்டியில் வந்து வழக்கம்போல முதல் ஆளாக மண்டியிட்டான். ஐயர் வெள்ளிக் கிண்ணத்தை அவன் வாயருகே கொண்டுபோனார். வாசம் மூக்கில் ஏறியிருக்கும், அவன் உடம்பு அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அவன் வீட்டில் இருந்த வாசம் அல்லவா. வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கமிட்டி மெம்பர் திருவிருந்தை மறுத்தான் என்று ஊர் பேசும். குடித்தான். குடித்துவிட்டு நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தான்.

ஜெஸி கண்ணை எடுக்கவில்லை. அவன் காது வரை சிவந்துபோனதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தான். வரிசை நகர்ந்தது. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. ஜெஸி பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். சிரித்தால் நன்றாக இருப்பாள்.

ஆராதனை முடிந்து வெளியே ஏலம் நடந்துகொண்டிருந்தபோது ஆல்பின் எங்களிடம் வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"ஜெஸி, நம்ம பந்தல்ல பாதி பட்டுப்போச்சும்மா. அப்பா வச்ச கொடி. இந்தக் கவாத்துக்கு ரெண்டு கட்டு குச்சி குடு."

நம்ம பந்தலாம். ஜெஸி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"குச்சி தர முடியாதுண்ணே. பொம்பளப் புள்ளைக்குச் சோறாக்க அடுப்புக்கு ஆகும்ல" என்றாள்.

சொன்னதைச் செய்தாள். கவாத்து முடிந்ததும் வெட்டிய குச்சியையெல்லாம் வேலியோரம் குவித்தார்கள். மண்ணில் ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது என்று ஜெஸி குனிந்து குனிந்து பொறுக்கினாள். அன்னக்கொடி அதிலேயே கல் கூட்டி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். புகை வேலியைத் தாண்டிப் போனது. ஆல்பின் பட்டுப்போன கொடிகளுக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பு பிரமாதம், நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சபைக்கு வருஷா வருஷம் ரசம் ஜெஸி வீட்டுச் சாடியிலிருந்துதான் போகிறது. எல்லாரும் எழுந்து பந்திக்குப் போகிறோம், அவள் மட்டும் இன்னும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நினைத்ததுதான் நடந்துவிட்டதே, அவன் முட்டி போட்டுக் குடித்துவிட்டானே, இனி நீயும் வந்து ஒரு வாய் குடித்தால் என்ன என்று போன வாரம் கேட்டேன். அவள் சாடியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"குடிச்சா அவன மன்னிக்கணும்ல. அம்புட்டுத் தாகம் எனக்கு இல்லக்கா."