சிதம்பரம் அண்ணன் வீட்டு செட்டும் நான் மாட்டிய கேமராவும்

"தங்கவேலு, செட்டைக் காணோம்யா."

போனில் சிதம்பரம் அண்ணன் சொன்னது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். திருக்கோகர்ணத்தில் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். எந்த செட் என்று நான் கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் இருப்பதே ஒரு செட்தான்.

"பூட்டை ஒடச்சிருக்காங்களாண்ணே?"

"பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. நான்தான் தொறந்து உள்ள வந்தேன். செட்டு இருந்த எடம் மொட்டையா கெடக்கு. நீ ஒடனே வா."

பைக்கில் திருமயம் ரோட்டில் போகும்போது வழிநெடுக யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அன்று நான் பட்ட குழப்பத்தைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

செட்டும் வீடும்

நான் முப்பது வருஷம் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்தவன். பிறகு கேமரா, அலாரம் மாட்டும் வேலைக்கும் வந்தேன். சிதம்பரம் அண்ணனுக்கு இரண்டுக்கும் நான்தான் ஆள்.

அந்த செட்டில் ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபயர், ஒரு டர்ன்டேபிள், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த இரண்டு ஸ்பீக்கர். ஒரு ஸ்பீக்கரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவருடைய அப்பா வெளிநாட்டில் கடை வைத்திருந்தபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. இன்று அதே மாதிரி வேண்டுமென்றால் தேடினாலும் கிடைக்காது. அண்ணன் இருப்பது சென்னையில். "அங்க கொண்டுபோயிர வேண்டியதுதானேண்ணே?" என்று கேட்டால், "இந்த ஹாலுல கேக்குற சத்தம் பிளாட்டுல கேக்குமாய்யா?" என்பார். அதனால் செட் ஊரிலும் அவர் சென்னையிலும் இருந்தார்கள். பொங்கலுக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் வந்து சந்தித்துக்கொள்வார்கள்.

வீடு இரண்டு பங்கு. முகப்பு, ஹால், சாமி வீடு என்கிற பூஜை அறை எல்லாம் பொது. ஒருபக்கத்து அறைகள் அண்ணனுடையவை. எதிர்ப்பக்கத்து அறைகள் அவருடைய சித்தப்பா மகன் முத்துக்கருப்பனுடையவை. அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மேலே ஓடு மாற்றுவதில் வந்த சண்டையில் ஏழு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் உள்ளூரிலிருந்து வள்ளிக்கண்ணு என்ற அம்மா வந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவார்.

போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பூட்டிய வீட்டில் திருட்டுப் போனது. அண்ணன் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். முகப்பில் ஒரு கேமரா, ஹாலில் ஒரு கேமரா, படத்தைப் பதிந்து வைக்க ரெக்கார்டர், வாசல் கதவில் ராத்திரி மட்டும் வேலை செய்யும் சென்சார், உத்தரத்தில் சைரன், எல்லாவற்றையும் அவர் போனில் பார்க்க சிம் போட்ட ரவுட்டர் என்று மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இரும்புப் பட்டை போட்டு மேடையோடு சேர்த்து, தனிச் சாவி போட்டால்தான் கழலும் ஆலன் போல்ட்டால் முடுக்கினேன். ரெக்கார்டருக்கு ஒரு யு.பி.எஸ். கேட்டேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அதோடு சில விஷயங்கள் சொல்லிக்கொடுத்தேன். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். செட்டின் மேல் பழைய வேட்டியைப் போர்த்துங்கள். சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். புதுச் சாமான் வாங்கினால் அட்டைப்பெட்டியைத் தெருவில் போடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று அதுவே ஊருக்குச் சொல்லிவிடும். எல்லாம் சரியான யோசனைதான். கடைசியில், "இனிமே எறும்பு வந்தாலும் ஒங்க போன்ல தெரியும்ணே" என்று வாயை வேறு விட்டேன்.

புரியாத வீடியோ

அன்று போனபோது வீட்டில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, ரெக்கார்டரில் பச்சை லைட் மின்னியது. சைரனை டெஸ்ட் செய்தேன். தெருவே கூடிவிட்டது. மாட்டியதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. பட்டைகள் மட்டும் கழற்றப்பட்டிருந்தன. எட்டு போல்ட்டும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இருந்தன. எந்தத் திருடன் போல்ட்டை எண்ணி டம்ளரில் போட்டு வைப்பான்?

பதிவைப் போட்டுப் பார்த்தோம். பதினோரு நாளைக்கு முந்தைய படம். பொங்கல் முடிந்து அண்ணன் கிளம்புகிறார். கையில் பை, தண்ணீர் பாட்டில். செட் போர்த்தியபடி இருக்கிறது. அவர் படத்தின் ஓரமாக நடந்து போய்ச் சுவர்ப்பக்கம் கையை நீட்டுகிறார். அவ்வளவுதான், இருட்டு. அடுத்த படம் இன்று காலை, ஒரு காதுகுத்துக்காக அவர் திரும்பி வந்தபோது. அதே ஹால், அதே அண்ணன், செட் இல்லை.

மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் செட் கண்ணெதிரே மறைந்தது. பதினோரு நாள் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதா, யாராவது அழித்தார்களா, நான்தான் தப்பாக மாட்டினேனா?

"ஒங்க போன்ல ஒண்ணும் காட்டலையாண்ணே?"

"ஆஃப்லைன், ஆஃப்லைன்னு காட்டுச்சு. இந்த ஊருல என்னைக்கு டவர் ஒழுங்கா கெடச்சுச்சுன்னு விட்டுட்டேன்."

அதற்குள் எஸ்.ஐ. வந்துவிட்டார். கதவையும் போல்ட்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அலாரம் நம்பர் யாருக்குத் தெரியும்?"

"அண்ணனுக்கும் எனக்கும் சார்."

"போல்ட்டைக் கழட்டுற சாவி?"

"அவசரத்துக்கு வேணும்னு நான்தான் அந்த மேடைக்குக் கீழ இருக்குற டிராயர்ல வச்சிருந்தேன் சார்."

"ஓகோ."

ஊர் ஊராகப் போய்ப் பூட்டிய வீடுகளுக்குள் வேலை பார்ப்பவன் நான். என் பெயர் ஒருதடவை இதில் அடிபட்டால் நாளைக்கு யார் வீட்டுக்குள் விடுவார்கள்? எஸ்.ஐ. அண்ணனிடம், "வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் தன் சாவியை எடுத்துக் காட்டினார், அதோடு நிறுத்திக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன்.

"வள்ளிக்கண்ணுகிட்ட ஒண்ணு இருக்கு சார். வெள்ளிக்கிழமை அதுதான் வந்துட்டுப் போகும்."

எனக்கு அந்த அம்மா மேல் துளி சந்தேகமும் கிடையாது. பயத்தில் சொன்னேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

சூடம்

வள்ளிக்கண்ணு நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையில் இருந்தார். அத்தனை பேர் பார்க்க போலீஸ்காரர் போய், நான் சொன்னதாகச் சொல்லி அழைத்து வந்தார். மண்வெட்டியை முகப்பில் சாத்திவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

"சாவியை யாருகிட்டம்மா குடுத்த?"

"யாருகிட்டயும் குடுக்கலங்க சார். அது என் இடுப்பை விட்டு எறங்காது."

"கடைசியா எப்ப வந்த?"

"வெள்ளிக்கெழம. செட்டு வேட்டி போத்தினபடி அங்கிட்டுத்தான் இருந்துச்சு. கூட்டி, வெளக்கேத்திட்டுப் போனேன்."

"அப்ப ஒனக்கு அப்பறம் யாருமே உள்ள வரல. வா, ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடு."

வள்ளிக்கண்ணு அண்ணனைப் பார்த்தார். "அய்யா, நீங்களும் அப்புடித்தான் நெனக்கிறீகளா?" அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரெக்கார்டரைப் பார்த்தேன்.

"சரி. சாமி வீட்டுல சூடம் அணைச்சுச் சொல்லிட்டு வாரேன். அப்பறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்வதற்கு மேல் எங்கள் பக்கத்தில் சத்தியம் கிடையாது. எஸ்.ஐ.யும் மறுக்கவில்லை. எல்லோரும் பின்னால் போனோம். ஊருக்கு வந்தால் அண்ணன் முதலில் சாமி வீட்டில்தான் போய் நிற்பார். அன்று ஹாலில் செட்டைக் காணாமல் அங்கேயே உறைந்துவிட்டார். காலையிலிருந்து யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

வள்ளிக்கண்ணு மாடத்திலிருந்த சூட டப்பாவை எடுத்தார். அடியில் மடித்த காகிதமும் ஒரு சாவியும் இருந்தன. "வெள்ளிக்கெழம நான் வந்தப்ப இது இங்க இல்லீங்களே" என்று அண்ணனிடம் நீட்டினார். அவர் கை நீட்டுவதற்குள் எஸ்.ஐ. வாங்கிப் படித்தார்.

"அண்ணனுக்கு முத்துக்கருப்பன் எழுதிக்கொண்டது. சனிக்கிழமை பகலில் சாமி கும்பிட வந்தேன். மெயின் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது. கேமரா, அலாரம் எதற்கும் உயிர் இல்லை. பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளும் ஆடுகிறது. பெரியப்பா வாங்கிய செட்டை இப்படி விட்டுப்போக மனம் வரவில்லை. மகனையும் டிரைவரையும் வைத்து என் அறைக்குள் நகர்த்திப் பூட்டியிருக்கிறேன். போல்ட் டம்ளரில் இருக்கிறது. அறைச் சாவி இதோடு."

செட் எங்களுக்குப் பதினைந்தடி தூரத்தில், எதிர் அறையில்தான் இருந்தது. வாசல் கதவின் மூன்றாவது சாவி முத்துக்கருப்பனிடம் இருக்கிறது என்பது அண்ணனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமே.

"மெயினை ஆஃப் பண்ணிட்டா போனீங்க?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"வீட்டைப் பூட்டினா மெயினை ஆஃப் பண்ணாம யாரு சார் கெளம்புவாங்க? காலைல தொறந்ததும் போட்டேன்."

வீடியோவில் அவர் சுவர்ப்பக்கம் நீட்டிய கை எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் பூட்டிக் கிடக்கும் எல்லா வீட்டிலும் மெயின் ஆஃபில்தான் இருக்கும். பழனிக்குப் போனால் நானே அப்படித்தான் செய்வேன். தெரிந்திருந்தும், கேமரா மாட்டிய வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

எல்லோரும் செட்டைப் பார்க்க ஓடினார்கள். வள்ளிக்கண்ணு ஓடவில்லை. சூடத்தை ஏற்றினார்.

"அதான் கெடச்சிருச்சேம்மா, விடு" என்றேன்.

"கெடச்சது ஒங்களுக்கு. என்னைக் கூட்டியாந்ததை ஊரே பாத்துச்சுல்ல?"

"நான் எடுக்கல. எடுத்தும் குடுக்கல" என்று சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். அதை அண்ணனிடம் கொடுக்கவில்லை. நேராக என் கையில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்கண்ணே. இனிமே ஒங்க கேமரா கூட்டிப் பெருக்கி வெளக்கேத்தட்டும்."

இப்போது

அன்றே அண்ணன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். ஏழு வருஷத்துக்குப் பிறகு "முத்து" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். மெயினை அணைத்தாலும் கேமரா ஓடும்படி, மெயினுக்கு முன்னாலிருந்தே எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுத்தாயிற்று, யு.பி.எஸ். வந்துவிட்டது, தாழ்ப்பாளும் மாற்றியாயிற்று.

எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேட்ட பிறகுதான் டிரில்லை எடுக்கிறேன். கிளம்பும்போது மெயினை என்ன செய்வீர்கள்? பேசாதவர்களையும் சேர்த்துச் சாவி யார் யாரிடம் இருக்கிறது? உங்களுக்குச் சொல்ல மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. ஒன்றும் புரியாத நேரத்தில், புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்தவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

வள்ளிக்கண்ணு வீட்டுக்கு மூன்று தடவை போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், என் பேரனைப் பற்றி விசாரித்தார். சாவியைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறார். மன்னித்துவிட்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்கிறார். "தங்கவேலு, படம் நல்லா தெரியுதுய்யா. ஹாலு முழுக்கத் தூசி. அந்தம்மா வருமா?"

"கேட்டுப் பாக்குறேண்ணே" என்கிறேன். சாவி இன்னும் என் கடை டிராயரில்தான் இருக்கிறது.